வெயிலிலிருந்து நுரையீரலுக்கு: எல்எல்-37 குறித்த நம்பிக்கையும் தமிழ்நாட்டுச் சான்றுகளும்

1. கேள்வி

தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்னும் குடைவரைக் கோயில் இருக்கிறது. வந்தவாசிக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதி நெல்லும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளையும் பூமி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. நாற்று நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பறிப்பு என்று ஆண்களும் பெண்களும் பகல் முழுவதும் வெயிலில்தான் நிற்கிறார்கள். வடதமிழகத்தின் இத்தகைய ஊர்களைக் காசநோய் இன்னும் விட்டு நீங்கவில்லை.

இந்த இரண்டு உண்மைகளையும் அருகருகே வைக்கக் காரணம் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளாக நோய் எதிர்ப்பியலில் ஒரு காரணச் சங்கிலி பெரும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகும். வைட்டமின் டி வெள்ளணுக்களுக்குள் எல்எல்-37 என்ற பெப்டைடைச் சுரக்கவைக்கும். அந்தப் பெப்டைடு காசநோய்க் கிருமியைக் கொல்லும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஆய்வகச் சான்று இருக்கிறது. மருத்துவ மாணவர்களின் பாடநூல்களுக்குள் இது நுழைந்துவிட்டது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு 'எதிர்ப்புச் சக்தி' என்ற பெயரில் 60,000 அலகு வைட்டமின் டி குளிகைகள் சிற்றூர் மருந்துக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன.

ஆய்வகத்தில் அறுபடாத இந்தச் சங்கிலி நோயாளியின் உடலிலும் அறுபடாமல் நிற்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கான முக்கியச் சான்றுகளில் சில தமிழ்நாட்டிலேயே உருவானவை. வேலூரிலும் சென்னையிலும் நடந்த அந்த ஆய்வுகள் தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால் அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

2. முப்பத்தேழு அமினோ அமிலங்கள்

கிருமிகளைக் கொல்லும் சிறு புரதத் துணுக்குகளை உயிரினங்கள் தாமாகவே உற்பத்தி செய்கின்றன என்ற புரிதல் 1980களில் உறுதிப்பட்டது. சுவீடனில் ஹான்ஸ் போமன் குழுவினர் பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சியில் செக்ரோபின் என்ற பெப்டைடைக் கண்டறிந்தனர். 1987இல் மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலிலிருந்து மகாயினின் என்பதைப் பிரித்தெடுத்தார். மனிதரிடமும் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்ற தேடலில், 1995இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே மரபணுவை வந்தடைந்தன.

கேத்தலிசிடின் என்ற புரதக் குடும்பத்தில் மனிதரிடம் உள்ளது இந்த ஒன்று மட்டுமே. மூன்றாம் குரோமோசோமில் உள்ள மரபணுவிலிருந்து முதலில் 18 கிலோடால்டன் எடையுள்ள ஒரு முன்னோடிப் புரதம் உருவாகி, நியூட்ரோஃபில் வெள்ளணுக்களின் துகள்களில் செயலற்று அடங்கியிருக்கிறது. தேவை வரும்போது புரோட்டினேஸ்-3 என்ற நொதி அதன் முனையை வெட்ட, எல்எல்-37 வெளிவருகிறது. தோலில் அதே வேலையைக் காலிக்ரீன் நொதிகள் செய்கின்றன. லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டில் தொடங்கி மொத்தம் 37 அமினோ அமிலங்கள் கொண்டிருப்பதால் இந்தப் பெயர். அவற்றுள் பதினொன்று நேர்மின் சுமையும் ஐந்து எதிர்மின் சுமையும் தாங்குபவை. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின் சுமை மிக்கது; எனவே பெப்டைடு அதில் ஒட்டிக்கொண்டு, சுருள் வடிவம் எடுத்து, உறையைக் குலைக்கிறது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. காஸ்ட்மன் நோய் என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் நியூட்ரோஃபில் அணுக்கள் மிகக் குறைந்துபோகும். மருந்தால் அணுக்களின் எண்ணிக்கையைச் சரிசெய்த பின்னும் இந்நோயாளிகளுக்கு ஈறு நோய் தீர்வதில்லை. அவர்களது அணுக்களில் எல்எல்-37 இல்லை என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். அணுக்கள் திரும்பின; பெப்டைடு திரும்பவில்லை. எல்எல்-37இன் தேவையைக் காட்டும் சான்றுகளில் என்னை மிகவும் ஏற்கவைப்பது இதுதான்.

ஆனால் 'கிருமிக்கொல்லி' என்ற பட்டம் இதற்கு முழுமையாகப் பொருந்துமா என்ற ஐயமும் பழையதே. சோதனைக் குழாயில், உப்புக் குறைந்த கரைசலில், எல்எல்-37 கிருமிகளை வேகமாகக் கொல்கிறது. உடல் திரவங்களில் உள்ள அளவுக்கு உப்பும் குருதிநீரும் சேர்ந்தால் அந்தத் திறன் வெகுவாக விழுந்துவிடுகிறது. அதே சூழலிலும் அது செய்யும் வேறு வேலைகள் தொடர்கின்றன: வெள்ளணுக்களைத் தொற்று நடந்த இடத்துக்கு அழைத்தல், தோல் அணுக்களை நகரத் தூண்டுதல், புதிய குருதிக்குழாய்கள் முளைக்கச் செய்தல். இதனால், எல்எல்-37இன் முதன்மைப் பணி கிருமியைக் கொல்வதைவிட நோய் எதிர்ப்பை நெறிப்படுத்துவதே என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். உடலின் எல்லா இடங்களுக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நியூட்ரோஃபில் துகளுக்குள் அடர்ந்திருக்கும் பெப்டைடையும் புண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் பெப்டைடையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

3. வெயில் என்னும் கண்ணி

காசநோயோடு எல்எல்-37ஐ இணைத்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மாட்லின் குழுவினர், மனித மேக்ரோஃபேஜ் அணுக்கள் காசநோய்க் கிருமியின் கூறுகளை உணரும்போது இரண்டு மரபணுக்களை முடுக்குகின்றன என்று காட்டினர். ஒன்று வைட்டமின் டி ஏற்பிக்கானது. மற்றொன்று குருதியில் சுற்றும் வைட்டமின் டியைச் செயல்வடிவமாக மாற்றும் நொதிக்கானது. இரண்டும் சேர்ந்ததும் கேத்தலிசிடின் மரபணு விழித்துக்கொள்கிறது. அணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள் குறைகின்றன. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குருதிநீரில் வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதைக் கொண்டு வளர்த்த அணுக்களில் இந்த மரபணு சரிவரத் தூண்டப்படவில்லை என்றும், வைட்டமின் டி சேர்த்ததும் நிலை சீரடைந்தது என்றும் அந்த ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே, கேத்தலிசிடின் உற்பத்தியைத் தடுத்தால் வைட்டமின் டி தரும் பலனும் நின்றுவிடுகிறது என்று அக்குழு நிறுவியது. 2009இல் கொரிய ஆய்வாளர்கள், அணு தன் உட்கூறுகளைத் தானே செரித்துத் தூய்மை செய்யும் தன்விழுங்கல் முறையை இதே வழி தூண்டுகிறது என்று சேர்த்தனர்.

கண்டுபிடிப்பு நேர்த்தியானது என்பதில் ஐயமில்லை. காசநோய்க்கு வெயிலையும் மீன் எண்ணெயையும் பரிந்துரைத்த பழைய மருத்துவ மரபுக்கு அது மூலக்கூறு அளவில் விளக்கம் தருவதுபோல் இருந்தது. தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்திருந்தது. நம் பக்கத்தில், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915இலும், தாம்பரத்தில் மருத்துவர் சௌரிமுத்துவின் முயற்சியால் 1928இலும் தோன்றிய காசநோய் இல்லங்கள் திறந்த வெளி, வெளிச்சம், ஓய்வு, நல்ல உணவு ஆகியவற்றையே மருந்தாக நம்பி எழுந்தவை.

இந்த வழியைச் சோதிப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. கேத்தலிசிடின் மரபணுவுக்கு முன்னே வைட்டமின் டி ஏற்பி வந்து அமரும் இடம், ஆலு என்று பெயர் பெற்ற, மரபுத்தொகுதிக்குள் இடம்பெயரக்கூடிய ஒரு டிஎன்ஏ துணுக்குக்குள் இருக்கிறது. அத்துணுக்கு மனிதரும் குரங்குகளும் அடங்கிய இனவரிசைக்கே உரியது, எலியிடம் இல்லை. எலிக்கும் கேத்தலிசிடின் உண்டு என்றாலும் அது வைட்டமின் டிக்கு இணங்குவதில்லை. ஆகவே நோய் எதிர்ப்பியலாளர்கள் வழக்கமாக நம்பும் சோதனை விலங்கு இங்கே உதவாது. சோதனைத் தட்டில் வளர்த்த மனித அணுவிலிருந்து நேரே நோயாளியிடம் தாவ வேண்டியிருக்கிறது. இடையில் படியே இல்லாத இந்தத் தாவலின் ஆபத்தை முதல் ஆரவாரத்தில் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வெயில் போதும் என்ற முதற்கண்ணியையும் நம் பகுதியின் தரவு தளர்த்துகிறது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ நிறுவனத்தில் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் நகரத்தாரையும் சுற்றுப்புறக் கிராமத்தாரையும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு இது: வைட்டமின் டி குறைபாடு நகர ஆண்களில் 62 விழுக்காடு, கிராம ஆண்களில் 44 விழுக்காடு, நகரப் பெண்களில் 75 விழுக்காடு, கிராமப் பெண்களில் 70 விழுக்காடு. திருப்பதி சீயமங்கலத்திலிருந்து ஒரு பாகை அளவே வடக்கே இருக்கிறது. அதே வெயில், ஏறத்தாழ அதே வேளாண்மை. வயலில் நிற்கும் பெண்களுக்கே இவ்வளவு குறைபாடு ஏன்? உடையால் மறையும் தோல் ஒரு காரணமாகலாம். களையெடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்வதை நம் வயல்களில் எவரும் காணலாம். ஹரிநாராயண் சுட்டும் காரணம் உணவு. சுண்ணாம்புச் சத்துக் குறைவாகவும் தானியங்களிலிருந்து வரும் ஃபைட்டேட் அதிகமாகவும் உள்ள உணவு, உடலில் இருக்கும் வைட்டமின் டியை வேகமாகச் செலவழிக்கவைக்கிறது என்பது அவர் வாதம். ஆக, வானத்து வெயிலை மட்டும் பார்த்து உடலில் உள்ள வைட்டமின் டியைக் கணிக்க முடியாது.

4. சென்னையும் வேலூரும் சொன்னவை

சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகத் தொடங்கி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடம்தான் உலகக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. காசநோய் இல்லத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றவர்களுக்கும், நெருக்கடியான வீட்டில் குறைந்த உணவோடு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடில்லை என்று அந்த மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. சரியான மருந்து இருந்தால் வெயிலும் காற்றும் இரண்டாம் நிலைக்குப் போய்விடும் என்பதை இந்த நூற்றாண்டின் வைட்டமின் டி விவாதத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னை சொல்லிவிட்டது.

அதே நிறுவனத்தில் பி. செல்வராஜ் தலைமையிலான குழு வைட்டமின் டி ஏற்பியின் மரபணு வேறுபாடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 2009இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஓர் எதிர்பாராத செய்தியைக் கொண்டிருந்தது. நுரையீரல் காசநோயாளிகளின் குருதியில் செயல்வடிவ வைட்டமின் டி நலமானவர்களைக் காட்டிலும் கூடுதலாக இருந்தது. ஏற்பியின் அளவுதான் குறைந்திருந்தது. அப்படியானால் தூதுச்செய்தி நிறையவே போகிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் தடை. இந்த நிலையில் மேலும் வைட்டமின் டி ஊட்டினால் எல்எல்-37 கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை வலுவாக இல்லை. சிறிய ஆய்வுதான். எனினும் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளின் தோல்விக்கு முன்கூட்டியே ஒரு விளக்கத்தை அது வைத்திருந்தது.

பெரிய ஆய்வுகளில் எனக்கு முதன்மையாகப் படுவது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் கனடாவின் பீட்டர் டேலியோடு சேர்ந்து நடத்தி, 2015இல் 'லான்செட்' குழும இதழில் வெளியிட்டது. 2010 ஜனவரி முதல் 2011 ஆகஸ்ட் வரை, சளியில் கிருமி உறுதியான, எச்ஐவி தொற்று இல்லாத 247 காசநோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். எல்லாருக்கும் வழக்கமான காசநோய் மருந்துகள் கிடைத்தன. அதற்கு மேல் 121 பேருக்கு இரண்டு வார இடைவெளியில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் அலகு வைட்டமின் டி. 126 பேருக்கு மருந்துப்போலி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சளியை வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தும்போது கிருமி வளராமல் போக எத்தனை நாள் ஆகிறது என்பதே அளவுகோல். வைட்டமின் டி பெற்றவர்களுக்கு நடுக்கணக்காக 43 நாள். பெறாதவர்களுக்கு 42 நாள்.

இந்த இரண்டு எண்களுக்கு உரிய மதிப்பை நாம் தரவில்லை. இலண்டனில் நடந்து 2011இல் வெளியான இதே போன்ற ஆய்வில் 36 நாளும் 43.5 நாளும் வந்தன. அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றே புள்ளியியல் சொன்னது. ஆனாலும் வைட்டமின் டி ஏற்பியில் குறிப்பிட்ட மரபணு வகை கொண்ட சிலருக்கு மட்டும் பலன் தெரிந்ததால் நம்பிக்கை உயிரோடு இருந்தது. பிறகு எட்டு ஆய்வுகளின் 1,850 நோயாளிகளின் தரவை ஒன்றுசேர்த்து 2019இல் செய்த பகுப்பாய்விலும் ஒட்டுமொத்தப் பலன் காணப்படவில்லை. பல மருந்துகளுக்கு இணங்காத காசநோய் உள்ளவர்களிடம் மட்டும் கிருமி விரைவில் மறைந்தது. அவர்களின் எண்ணிக்கை மிகச் சிறிது.

நோய் வந்த பின் பயனில்லை, வருமுன் தடுக்குமோ என்ற கேள்விக்கும் விடை கிடைத்தாயிற்று. மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் 14,000 அலகு வைட்டமின் டி அல்லது மருந்துப்போலி கொடுத்தனர். ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுமே குறைபாடு உள்ளவர்கள். பலன் தெரிய இதைவிட ஏற்ற களம் அமையாது. 2020இல் வந்த முடிவின்படி, தொற்றின் அடையாளம் வைட்டமின் டி பெற்றவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 3.3 விழுக்காட்டினருக்கும் தெரிந்தது.

5. விளக்கங்களும் அவற்றின் வலுவும்

சங்கிலியின் ஆதரவாளர்கள் இந்த முடிவுகளுக்குப் பல மறுமொழிகள் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வலு இல்லை.

பெரிய அளவாக விட்டுவிட்டுக் கொடுத்தது தவறு, நாள்தோறும் சிறிதாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஒரு மறுமொழி. இதில் உயிரியல் நியாயம் உண்டு. ஆனால் வாரந்தோறும் கொடுத்த மங்கோலிய ஆய்வும் பலன் காட்டவில்லை. அடுத்தது, காசநோய் மருந்துகளே வலுவானவை என்பதால் வைட்டமின் டி செய்ய மிச்சமிருக்கும் வேலை குறைவு என்பது. இதை நான் ஏற்கிறேன். ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் கிருமியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஆறு வாரங்களில், பெப்டைடின் சிறு பங்களிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மருந்துக்கு இணங்காத கிருமிகளிடம் மட்டும் பலன் தெரிந்ததற்கும் இது பொருந்தி வருகிறது.

காசநோயாளிகளிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதையே சான்றாகக் காட்டும் வாதம் மிகவும் பலவீனமானது. இளைத்து, இருமி, வீட்டுக்குள் படுத்திருப்பவர் வெயிலைக் காண்பதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. போதாக்குறைக்கு ரிஃபாம்பிசின் மருந்தே கல்லீரல் நொதிகளைத் தூண்டிக் குருதியில் வைட்டமின் டியைக் குறைக்கிறது. நோயின் விளைவை நோயின் காரணமாக எடுத்துக்கொள்ளும் பிழை இது.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் விளக்கம் வங்கதேசத்திலிருந்து வருகிறது. எல்எல்-37 மரபணுவைத் தூண்ட வைட்டமின் டி ஒன்றே வழியில்லை. குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்திலிருந்து உண்டாக்கும் பியூட்டிரேட்டும் அதைத் தூண்டும். டாக்கா வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தில் ருப்ஹானா ராகிப் குழுவினர், சீதபேதி கண்ட முயல்களுக்கு பியூட்டிரேட் கொடுத்தபோது குடற்சுவரில் முயலின் கேத்தலிசிடின் மீண்டும் சுரந்து நோய் தணிவதைக் கண்டனர். பிறகு அதன் உறவு வேதிப்பொருளான ஃபீனைல்பியூட்டிரேட்டை வைட்டமின் டியோடு சேர்த்துக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2015இல் வெளியான அந்த ஆய்வில், நான்காம் வாரத்தில் சளியில் கிருமி மறைந்தோர் விகிதம் கூட்டு மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. அவர்களது நோய் எதிர்ப்பணுக்களில் எல்எல்-37 கூடியதும் அளந்து காட்டப்பட்டது. இது ஒரு மையத்தின் முடிவு. வேறு இடங்களில் மீண்டும் நடத்திப் பார்க்காமல் மருந்தாக ஏற்க முடியாது. ஆனால் முறை சரியானது: எந்தப் பெப்டைடின் பெயரால் மருந்து கொடுக்கப்படுகிறதோ, அதை அளந்தும் பார்த்தார்கள். வேலூர், இலண்டன், மங்கோலிய ஆய்வுகளின் முதன்மை அளவுகோல் கிருமியோ தொற்றின் அடையாளமோதான். மருந்துக்கும் முடிவுக்கும் நடுவில் நிற்கும் எல்எல்-37 உண்மையில் கூடியதா என்பதை அந்த அளவுகோல்கள் சொல்லாது. எனவே அவை பொய்ப்பித்தது 'வைட்டமின் டி கொடுத்தால் காசநோய் விரைவில் தீரும்' என்ற கூற்றை. 'எல்எல்-37 கூடினால் காசநோய் தீரும்' என்ற கூற்றை அவை சோதிக்கவே இல்லை. விவாதத்தின் இரு தரப்பாரும் இந்த வேறுபாட்டை அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சென்னைக் காசநோய் நிறுவனமும் அனுராக் பார்கவாவும் இணைந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்துக்கள் தரப்பட்டன. பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஒரு பெப்டைடைத் தேடி இருபது ஆண்டுகள் செலவிட்ட பிறகும் இந்த அளவுக்குப் பலன் தரும் எதையும் அந்த வழி இன்னும் நம் கையில் தரவில்லை. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும், கண்டறிந்த உடனேயே மிகவும் மெலிந்தவர்களையும் மூச்சுத் திணறுபவர்களையும் பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்ப்பதை மையமாகக் கொண்டது. உடல் எடை, மூச்சு, நிற்கும் வலு: ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பார்க்கக்கூடிய இவைதாம் அங்கே அளவுகோல்கள்.

6. புண்ணில் எல்எல்-37

காசநோயில் மங்கிய நம்பிக்கை ஆறாத புண்களில் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. இங்கே பெப்டைடைச் சுரக்கவைக்க முயல்வதில்லை, நேரடியாகவே தடவுகிறார்கள். தோல் கிழிந்ததும் காயத்தின் விளிம்பில் எல்எல்-37 பெருகி, புண் மூடியதும் தணிகிறது என்று 2003இல் சுவீடனில் கண்டனர். நாட்பட்ட காற்புண்களின் விளிம்பிலோ அது மிகக் குறைந்திருந்தது.

அதே நாட்டில் சிரை நோயால் வந்த ஆறாத காற்புண் உள்ள 34 பேரிடம் நடந்த முதல் ஆய்வு 2014இல் வெளியானது. வாரம் இருமுறை நான்கு வாரங்கள் பெப்டைடைத் தடவினர். மூன்று அளவுகளில் மிகக் குறைந்த அளவு பெற்றவர்களின் புண் மருந்துப்போலி பெற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகத்திலும், நடு அளவு பெற்றவர்களுடையது மூன்று மடங்கு வேகத்திலும் ஆறியது. மிக அதிக அளவால் பலனே இல்லை. 148 பேரிடம் நடந்து 2021இல் வெளியான அடுத்தகட்ட ஆய்வின் மொத்த முடிவில் மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை. பெரிய புண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் தென்பட்டது என்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு தரவைப் பிரித்துப் பெறும் பலனை அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

அளவு கூடினால் பலன் மறைவது தற்செயலாகத் தோன்றவில்லை. சோரியாசிஸ் நோயில் எல்எல்-37 மிகையாகச் சுரந்து, சிதைந்த அணுக்களின் டிஎன்ஏவோடு சேர்ந்து, அதை அந்நியக் கிருமியின் டிஎன்ஏ என்று நோய் எதிர்ப்பணுக்கள் தவறாக எடுத்துக்கொள்ளச் செய்கிறது என்பது 2007இல் தெரியவந்தது. அதே ஆண்டு, முகம் சிவந்து தடிக்கும் ரோசேசியா நோயிலும் இந்தப் பெப்டைடு மிகுந்தும் தவறான இடத்தில் வெட்டுப்பட்டும் இருப்பது கண்டறியப்பட்டது. சில சினைப்பைப் புற்றுக்கட்டிகள் இதைத் தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. குருதிக்குழாயை முளைக்கவைப்பது புண்ணுக்கு நன்மை, கட்டிக்கும் நன்மை. 'இயற்கையாக உடலிலேயே சுரப்பது, ஆகவே பாதுகாப்பானது' என்று இதை விற்க முனைவோர் பதில் சொல்ல வேண்டிய சான்றுகள் இவை.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பகுதி தொலைவில் நடக்கும் செய்தியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி இங்கே வளர்ந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் பலருக்குக் காற்புண் வரும். ஜகார்த்தாவில் நீரிழிவுக் காற்புண்களில் எல்எல்-37 களிம்பைச் சோதித்தபோது சிவந்த புதுத்தசை வேகமாக வளர்ந்தது. ஆனால் புண்ணில் இருந்த பாக்டீரியாக்கள் குறையவில்லை. இரண்டாம் பகுதியில் சொன்ன ஐயத்தை இது வலுப்படுத்துகிறது: புண்ணில் இதன் வேலை கிருமியைக் கொல்வதைவிடத் திசுவை எழுப்புவதாகவே தோன்றுகிறது.

புண் ஆற்றுவதில் நமக்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது. 1946இல் வேலூர் வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண் கெட்ட சதையால் வருவதில்லை என்று காட்டினார். உணர்ச்சியற்ற பாதம் தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளாவதால் அது வருகிறது. பாதத்தை மாவுக்கட்டில் வைத்து அழுத்தத்தை நீக்கினால் ஆறுகிறது. இந்த முறை பின்னர் அவரோடு அமெரிக்காவுக்குப் போய் நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்பட்டது. எல்எல்-37 களிம்பு நாளை கடைக்கு வந்தாலும், அழுத்தம் நீங்காத பாதத்தில் அது என்ன செய்துவிடும்? களிம்பைச் சோதிக்கும் எந்த ஆய்வும் முதலில் இரு குழுவினருக்கும் இந்த அடிப்படைச் சிகிச்சையை முழுமையாகத் தந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் கிடைக்கும் பலனுக்கு மதிப்பில்லை.

7. இப்போது செய்யத்தக்கவை

சீயமங்கலத்திலோ தேசூரிலோ காசநோய் கண்ட ஒருவருக்கு இன்றைய சான்று சொல்வது தெளிவானது. மருத்துவர் குறித்த காலம் முழுவதும் மருந்தை விடாமல் உண்ண வேண்டும். எடை கூட வேண்டும். அதற்கான உணவுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் அரசின் ஊட்டச்சத்து உதவியைக் கேட்டுப் பெற வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் வைட்டமின் டி தேவை. குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் அதை நிரப்பலாம். காசநோயை விரைவில் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் 60,000 அலகுக் குளிகைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் குருதியில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

ஆய்வாளர்களிடமும் அவர்களுக்கு நிதி தருவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. காசநோய்க்கென்று ஏழு பதிற்றாண்டு அனுபவம் கொண்ட சென்னை நிறுவனமும், ஆறாத புண்களை முக்கால் நூற்றாண்டாகக் கையாண்டுவரும் வேலூரும் நம்மிடம் இருக்கின்றன. டாக்காவின் கூட்டு மருந்தை, பல மருந்துகளுக்கு இணங்காத காசநோய் உள்ள தமிழ்நாட்டு நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க இவற்றைவிட ஏற்ற இடங்கள் குறைவு. அப்படி ஓர் ஆய்வு வருமானால், சளியில் கிருமியை எண்ணுவதோடு நிற்காமல் எல்எல்-37இன் அளவையும் வாரந்தோறும் அளந்து வெளியிட வேண்டும். அந்த அளவீடு இல்லாத இன்னொரு வைட்டமின் டி ஆய்வுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதில் நியாயமில்லை.